ஏல்... ஏலே!

எங்க திருநெல்வேலிப் பக்கம் 'ஏலே'ன்னா பாசத்துக்கும் கோவத்துக்கும் ஒரே சொல்லுதான். பீர்ல 'ஏல்'னு ஒரு வகை உண்டுன்னு மெல்போர்ன்ல இருக்கிற தம்பி சொன்னப்போ சிரிச்சிட்டேன். அவன் வீட்ல காய்ச்சுறது இந்தியா பேல் ஏல். பேர்லதான் இந்தியா! பதினெட்டாம் நூற்றாண்டுக் கடைசியில ஹாட்ஜ்சனோட லண்டன் ப்ரூவரியில இருந்து இங்கிருந்த வெள்ளைக்காரங்களுக்குக் கப்பலேறுன பீரோட வாரிசு அது. ஆப்பிரிக்காவைச் சுத்தி மாசக்கணக்குல வரணும், கெடாம இருக்கணும், அதுக்காக ஹாப்ஸ் பூவைத் தாராளமா போட்டாங்க.

ஆஸ்திரேலியாவுல சொந்தத் தேவைக்கு வீட்ல பீர் காய்ச்சலாம், விக்கக்கூடாது. பெங்களூர்ல லைசென்ஸ் இல்லாம நான் அடுப்புல ஏத்துனா பேங்க் வேலை போயிரும் :-)

2024 டிசம்பர்ல லீவுக்கு வந்தவன் வேட்டியில சுத்தி ரெண்டு பாட்டில் கொண்டு வந்தான். வீட்ல ரசத்துக்கு உப்பு பாக்குறது நான்தான், அதனால என் நாக்கு மேல அவனுக்கு ஒரு நம்பிக்கை. ஆனா அப்பா குடியால போனவர். அதுக்கப்புறம் எங்க வீட்டுக்குள்ள பாட்டில் வந்ததே இல்ல. ஆஸ்டின் டவுன் வீட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டோம். கொஞ்ச நேரத்துல அம்மாவும் மேல வந்துட்டாங்க.

மோந்து பாத்தா லேசா பேஷன் ஃப்ரூட் வாசனை. கேலக்ஸின்னு ஆஸ்திரேலிய ஹாப்ஸாம். வாயில வச்சா கசப்பு தொண்டை வரைக்கும் போய் உக்காந்துக்குது. அம்மா விரல் நுனியில தொட்டு வச்சுப் பாத்துட்டு, "என்னலே, நெலவேம்புக் கசாயம் மாதிரி இருக்கு"ன்னாங்க.

ஹாப்ஸை எப்போ போடுறேன்னு கேட்டேன். முக்கால்வாசி, கொதி வந்த உடனேயாம். ஒரு மணி நேரம் கொதிச்சா அதுல இருக்கிற ஆல்பா அமிலம் உருமாறி கசப்பாயிரும், வாசனை எண்ணெய் ஆவியாப் போயிரும். ரசத்துக்குக் கொத்தமல்லியை இறக்கும்போதுதானே போடுறோம்? கொஞ்சத்தை மட்டும் முதல்ல போடு, மிச்சத்தைக் கடைசி பத்து நிமிஷத்துலயும் நொதிச்சு முடிச்ச பிறகும் போடுன்னேன். அவனுக்கும் அந்த யோசனை இருந்திருக்கு, நோட்டுல குறிச்சுக்கிட்டான்.

அம்மா அதெல்லாம் காதுல வாங்கல. "ஒரு தடவைக்கு எவ்வளவுலே?"

"இருபது லிட்டர்மா. நாப்பது பாட்டில்."

"எத்தனை நாளைக்கு வரும்?"

இங்கதான் சிக்கல். கப்பல்ல மாசக்கணக்குல வந்த பீரோட வாரிசுதான், ஆனா இப்போ காய்ச்சுறதை வாசனைக்காகவே காய்ச்சுறாங்க. வச்சிருந்தா அந்த வாசனை மங்கிரும், புதுசுலயே குடிச்சாகணும். இதை அம்மாகிட்ட எப்படிச் சொல்றது? தம்பி என்னைப் பாத்தான். நான் வாயே திறக்கல. "ஃப்ரெண்ட்ஸுக்குக் குடுத்துருவேன்மா"ன்னான். அம்மா அவன் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்பாவும் சிநேகிதக்காரங்களோடதான் ஆரம்பிச்சார்.

ஊருக்குப் போய் அடுத்த தடவை ஹாப்ஸ் நேரத்தை மாத்திட்டான். கசப்பு அடங்கி, மூடியைத் திறந்ததுமே மணக்குதாம். பாத்திரத்தையும் மாத்திட்டான், இப்போ பத்து லிட்டர்தான். ஞாயித்துக்கிழமை போன்ல அம்மா சாப்பிட்டியான்னு கேட்டுட்டு, அடுத்து பாட்டில் கணக்குக் கேக்குறாங்க. அவனும் நோட்டைப் பாத்துத்தான் சொல்றான்.