பார்மட் கேட்டால் 'நோ'

செஞ்சியில் திருவண்ணாமலை சாலையை ஒட்டிய அந்தச் சின்ன ரிப்பேர் கடைக்கு ஹார்டுடிஸ்க்கோடு வருகிறவர்களில் ஸ்டுடியோக்காரர்களே அதிகம். சுற்றுவட்டாரத்துக் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டெல்லாம் அவர்களிடம்தான் கிடக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் செஞ்சிக் கோட்டை சேர்ந்ததால் என்ன லாபம் என்று கடைக்காரரிடம் கேட்டேன். கோட்டையின் ராஜகிரி மலையில் ஏறி இறங்கிய வெளியூர்க்காரர்கள் எப்போதாவது மெமரி கார்டோடு வருவார்களாம், அவ்வளவுதான்.

நான் போனபோது ஒரு ஸ்டுடியோ தம்பி 2 டெராபைட் டிஸ்க்கோடு நின்றிருந்தார். சொருகினால் 'பார்மட் செய்யவா' என்று கேட்கிறதாம்.

"எஸ் கொடுத்தியா?"

"இல்லண்ணா."

"அப்ப பாதி பொழச்சிச்சு."

கடைக்காரர் சாப்ட்வேர் பக்கமே போகாமல், தம்பி கூடவே கொண்டு வந்திருந்த சாட்டா கேபிளோடு டிஸ்க்கை மாட்டி, 'ஸ்மார்ட்' பட்டியலைத் திறந்தார். டிஸ்க் தன் உடம்பைப் பற்றித் தானே எழுதிவைக்கும் குறிப்பு அது. அதில் அவர் முதலில் தேடுவது இரண்டு எண்கள். 197ஆம் வரி, படிக்கமுடியாமல் தவிக்கும் செக்டர்கள். அது ஏறினால் கோளாறு டிஸ்க்கில். 199ஆம் வரி, கேபிள் வழியே போகும்போது சிதைந்த தகவல். இந்த டிஸ்க்கில் 197 பூஜ்யம். 199 நூறைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. கேபிளை மாற்றினார். 199 அப்படியே நின்றது. பழைய கணக்கு அழியாது, மேலே ஏறாமல் இருந்தால் போதும் என்றார். கழற்றிய கேபிளின் முனையில் பிடிப்புக் கிளிப்பே இல்லை. ஃபேன் அதிர்வுக்கே நழுவியிருக்கும்.

ஆனாலும் பார்மட் கேள்வி போகவில்லை. எழுதும் நேரத்தில் கேபிள் காலை வாரியதில் பார்ட்டிஷனின் தொடக்கத்திலுள்ள பூட் செக்டர் கெட்டிருந்தது. இந்த இடத்தில்தான் பலரும் 'செக் டிஸ்க்' ஓடவிடுகிறார்கள். ஃபைல் சிஸ்டத்தைச் சரிக்கட்டுவதுதான் அதன் வேலை, படத்தைக் காப்பாற்றுவதல்ல. பார்மட்டுக்கு அடுத்து நான் பயப்படுவது அதற்குத்தான். இவர் டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் சாப்ட்வேரில் முழு டிஸ்க்கையும் செக்டர் விடாமல் இன்னொன்றில் நகலெடுத்தார். வினாடிக்கு 100 எம்பி ஓடினாலும் ஐந்தரை மணி நேரம் பிடிக்கும் வேலை. தம்பியை மறுநாள் வரச் சொன்னார்.

இடையில் ஒருவர், பென்டிரைவில் இடமிருந்தும் 5 ஜிபி வீடியோ ஏறவில்லை என்றார். அது ஃபேட் 32. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது. எக்ஸ்ஃபேட் ஆக்கிக் கொடுத்தார். இன்னொருவர் கொண்டு வந்த, ரைஸ்மில் கணக்கிருந்த பழைய கம்ப்யூட்டரில் ஐடிஇ டிஸ்க் இரண்டும் ஒரே பட்டை கேபிளில், இரண்டுக்கும் மாஸ்டர் ஜம்பர். இரண்டுமே தெரியவில்லை. ஒன்றின் ஜம்பரைச் சாமணத்தால் பிடுங்கி ஸ்லேவில் போட்டார், முடிந்தது. டக் டக்கென்று சத்தம் வரும் டிஸ்க்கை மட்டும் அவர் தொடுவதில்லை. தூசி பறக்கும் கடையில் மூடியைத் திறந்தால் ஹெட்டும் பிளேட்டும் போச்சு, சென்னைக்கு அனுப்பிவிடுகிறார்.

மறுநாள், நகலை டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு சாப்ட்வேரில் திறந்தார். விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ், பூட் செக்டரின் பிரதி ஒன்றைப் பார்ட்டிஷனின் கடைசி செக்டரில் வைத்திருக்கும். அதை எடுத்து முன்னால் போட்டதும் ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன: பெண் வீடு, மாப்பிள்ளை வீடு, ரிசப்ஷன்.

தம்பி கூலி கேட்டார். சொன்னதும், "கேபிள் மாத்துனதுக்கா இவ்ளோ?" என்று பேரத்தை ஆரம்பித்தார்.