பளியர் குடியிருப்பில் ஒரு பகல்

தொலைநாட்டு மக்களின் வாழ்க்கையை நேரிற் கண்டறிய விழைதல் மாந்தர்க்கு இயல்பு. ஆப்பிரிக்கக் கண்டத்திலே, கென்யாவின் தென்பகுதியிலும் தான்சானியாவின் வடபகுதியிலும் ஆநிரை மேய்த்து வாழும் மாசாய் மக்களின் ஊர்களுக்கு இன்று உலகின் பல திசைகளினின்றும் பயணிகள் செல்கின்றனர். சிங்கமும் யானையும் காணச் செல்வோர் அவ்வூர்களுள்ளும் கட்டணம் செலுத்திப் புகுந்து, முள்வேலி சூழ்ந்த குடில்களையும், செவ்வாடை போர்த்த இளைஞர் வானோக்கித் துள்ளும் ஆடலையும் கண்டு, மகளிர் கோத்த மணிமாலைகளை விலைக்குப் பெற்று மீள்வர். செரெங்கெட்டி வெளியில் வாழ்ந்த மாசாயர், அது வனவிலங்குகட்குரிய காப்பிடமானதனால், 1959ஆம் ஆண்டில் அந்நிலம் விட்டு நீங்க நேர்ந்தது என்பதை வினவி அறிந்து மீள்வோர் சிலரே ஆவர். காட்சி கண்ணுக்கு நிறைவளித்தபின் கேள்வி எழுவதில்லை போலும்!

ஆயினும் இதற்கு ஆப்பிரிக்கா வரை செல்ல வேண்டுவதில்லை. எம்மூராகிய கூமாப்பட்டிக்கு மேற்கே மேற்றொடர்ச்சி மலை சுவரென நிற்கின்றது. அதன் அடியிலே பிளவக்கல் அணை. அம்மலைச் சாரல் நெடுகிலும் பளியர் என்னும் பழங்குடியினர் ஆங்காங்கே வாழ்கின்றனர். தமிழே அவர்தம் மொழி. கிழங்கு அகழ்தலும் தேனெடுத்தலும் அவர்தம் தொன்றுதொட்ட தொழில்கள். அமெரிக்க மானிடவியலறிஞர் பீட்டர் கார்ட்னர் 1962ஆம் ஆண்டு முதற்கொண்டு பளியரிடையே தங்கி ஆராய்ந்து, அவர்களுள் ஒருவரையொருவர் ஆணையிட்டு ஆள்வதில்லை என்றும், பூசல் நேரும் என்று தோன்றின் எதிர்த்து நில்லாது விலகிச் செல்வர் என்றும் எழுதியுள்ளார். கடல் கடந்து வந்தார் ஒருவர் அறிந்ததனை மலைக்குக் கீழிருக்கும் யாம் நூல் வாயிலாகவே அறிந்தோம்!

சென்ற விடுமுறையில் யாம் மூவர் ஒரு நாட் காலையில் மிதிவண்டியேறி, அத்தகைய குடியிருப்பு ஒன்றிற்குச் சென்றோம். காட்டுக் குகையும் தழைக்குடிலும் எதிர்பார்த்த எம் கண்களுக்கு அரசு கட்டித்தந்த சிறு வீடுகள் தோன்றின. வாயிலில் நியாய விலைக் கடையின் அரிசிப்பை. கொடியில் பள்ளிச் சீருடை. எம் தோழருள் ஒருவருக்கு முகம் சற்றே வாடிற்று. அவர் அங்கிருந்த நடுவயதினரை நோக்கி, பாறையில் ஏறித் தேனெடுக்கும் திறத்தைச் சற்றுக் காட்டவியலுமோ எனப் பணிவுடன் வேண்டினார். அவர் நகைத்து, “தேன் இருக்கிறப்போ ஏறுவோம், தம்பி. இப்ப ஏறினா எனக்கு என்ன கிடைக்கும்?” என்றார். யாமும் நகைத்தோம். அவ்விடையில் பொருளிருந்தது. அவர்க்கு அது தொழில். எமக்கன்றோ அது கூத்து!

திண்ணையிலிருந்த மூதாட்டியார் எம்மை அமரச் செய்து கடுங்காப்பி அளித்தார். எவ்வூர் என வினவினார். கூமாப்பட்டி என்றோம். “உங்க ஊரு வயல்ல எத்தனையோ வருசம் களை எடுத்திருக்கேனே!” என்று கூறி, எந்தத் தோப்பின் கிணற்றில் நீர் இனிக்கும், எவர் வீட்டில் கூலியைக் காக்க வைத்துத் தருவர் என்பனவெல்லாம் அடுக்கினார். எம்மூரை அவர் அத்துணை அறிவார். அவர் ஊரின் தெருவில் யாம் கால் வைத்தது அன்றுதான். அணுக்கத்தில் வாழ்ந்தும் அறிமுகம் ஒருபுறத்ததாகவே இருந்துவந்தது.

இதனை எண்ணும்போது மலைபடுகடாம் நினைவிற்கு வருகின்றது. பெருங்கௌசிகனார் பாடிய அந்நூல் நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு வழி கூறுவது. தேனெடுக்க மலையில் நாட்டிய மால்பு என்னும் ஏணியை அது காட்டும். மலைச்சிற்றூர்களில் வாயிலில் தயங்கி நில்லாது, தம் இல்லம் போலப் புகுந்து உறவு பாராட்டலாம் என்றும் அது கூறும். அப்பயணியர் ஊர்தோறும் விருந்தினராய்ச் சென்றனர். காட்சி காண்போராய்ச் சென்றாரல்லர். விருந்தினன் பெயர் சொல்வான், ஊர் சொல்வான், உண்பான், கேட்ட வினாவிற்கு விடையும் அளிப்பான். காட்சி காண்போனுக்கு இவற்றுள் ஒன்றும் கடமையன்று.

காட்சிப்பொருளாதல் யாதென்பதைக் கூமாப்பட்டியாரும் சிறிது உணர்ந்துளர். 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், எம்மூர் தனித்தீவு போன்றதென்று கூறும் காணொலி ஒன்று நாடெங்கும் பரவியது. அணையைக் காணவும் அதில் நீராடவும் மக்கள் பலர் வந்தனர். ஆங்கு நீராட இசைவில்லை என அறிந்து மனங்குன்றி மீண்டனர். அவர் காண விழைந்த ஊர் வேறு. யாம் வாழும் ஊர் வேறு. ஆதலின் யாம் சென்ற குடியிருப்பின் பெயரை ஈண்டுக் கூறாது விடுகின்றோம்.

பளியர் வாழ்வில் கேட்டறியத் தக்கன பல. அவர் திரிந்த காட்டின் பெரும்பகுதி 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாயிற்று. 2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்துள் அடங்கிற்று. புலியும் அணிலும் வாழவேண்டுவதே. அவற்றோடு நெடுங்காலம் வாழ்ந்தோர்க்குக் காட்டின் சிறுவிளைபொருள்கள்மீது உரிமையுண்டென்று 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கூறுகின்றது. சட்டம் ஏட்டில் இருப்பது ஒன்று; அதனைக் கேட்டுப் பெறுதற்கு வேண்டிய படிப்பு வீட்டில் இருப்பது மற்றொன்று.

மூதாட்டியாரின் பேத்தி பன்னிரண்டாம் வகுப்பிற் பயில்கின்றாள். கல்லூரியில் விண்ணப்பம் எப்போது தருவர், சாதிச் சான்றிதழ் எத்துணை நாளைக்குள் வேண்டும், விடுதிக்கு என்ன செலவாகும் என அவள் வினவிய வினாக்களே அன்று யாம் கேட்டவற்றுள் தலையாயவை. சிலவற்றிற்கு விடை தந்தோம். ஏனையவற்றை அலுவலகத்திற் கேட்டு வந்து கூறுவதாக வாக்களித்தோம். அவ்விடைகள் இப்போது எம்மிடம் உள்ளன. வரும் விடுமுறையில் அவற்றோடு செல்வோம். தேனெடுக்கும் காட்சி அன்றும் கிட்டாதொழியினும் குறையில்லை.