மணியன் கழுத்தில் ஒரு புண்

வீட்டு ஈயின் வாழ்க்கைச் சுழற்சியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரைந்து காட்டுவேன். முட்டை, புழு, கூட்டுப்புழு, ஈ. அந்தப் படத்துக்கு எப்போதும் முழு மதிப்பெண்தான். அந்த நான், எங்கள் பூனை மணியனுக்குப் புழு வைத்ததை மூன்று நாள் அறியவில்லை.

ஐப்பசி மழை. வீட்டுக்குள் ஒரு வாடை. எலி செத்துக் கிடக்கிறது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, பானைகளுக்குப் பின்னால் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தீர்ப்புக்கு வீட்டில் மறுப்பு இல்லை. கைநாட்டு வைக்கும் என் தாயார் மட்டும், மணியனைச் சுற்றி ஈ மொய்ப்பதைக் கண்டு, அதை மடியில் போட்டுப் பிடரி மயிரை விலக்கினார்.

"எலி இல்லடா தம்பி, இங்க பாரு."

வேறொரு கடுவனோடு போட்ட சண்டையில் பல் பட்ட இடம். வெளியே மிளகளவு துளை. உள்ளே வெள்ளையாக நெளிந்தன. பூனை தன் புண்ணைத் தானே நக்கித் துப்புரவாக வைத்துக்கொள்ளும். பிடரிக்கு நாக்கு எட்டாதே!

மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாம் என்றார் அம்மா. "எதுக்கும்மா? நான் பார்த்துக்கிறேன்" என்றேன். ஆட்டுப் புண்ணில் பினாயில் ஊற்றக் கண்டிருக்கிறேன். ஒரு மூடி ஊற்றினேன். படித்த பிள்ளை செய்கிறான் என்று அம்மா பேசாமல் பூனையைப் பிடித்துக்கொண்டார். சிறிது நேரத்தில் மணியன் வாயிலிருந்து எச்சில் ஒழுகியது, கால்கள் வெடவெடத்தன.

வயர்க்கூடையில் வைத்துப் பேருந்தில் ஓடினோம். மருத்துவர் முதலில் பினாயிலைச் சோப்பு நீரால் கழுவினார். "ஆட்டுக்கு ஊத்துறாங்கன்னு பூனைக்கும் ஊத்தலாமா? பீனாலை முறிக்கிற சக்தி பூனை ஈரலுக்குக் குறைவு. தோல் வழியாவே உடம்புக்குள்ள போயிடும்" என்றார். பிறகு இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார். இது வீட்டு ஈயின் புழு அல்லவாம். நீலமும் பச்சையுமாக மின்னும் கிரைசோமையா பெஸ்ஸியானா என்ற ஈ. புண்ணின் ஓரத்தில் 150, 200 முட்டைகள் இடும். ஒரு நாளுக்குள் பொரிக்கும். அழுகலை அல்ல, உயிருள்ள தசையையே தின்னும். தலையை உள்ளே புதைத்து, வாலில் உள்ள துளைகளால் மூச்சு விடும். ஏறக்குறைய ஒரு வாரம் தின்று கொழுத்து, மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மா எண்ணினார்: முப்பத்தேழு.

"தம்பி என்ன படிக்கிறீங்க?"

எனக்கு நா எழவில்லை.

"பி.எஸ்ஸி. விலங்கியலுங்க ஐயா" என்றார் அம்மா. அந்த நேரத்திலும் அவர் குரலில் பெருமை குறையவில்லை. மருத்துவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மீண்டும் குனிந்துகொண்டார்.

மணியன் பிழைத்துக்கொண்டது. பிடரியில் காசளவு இடத்தில் இன்னும் மயிர் முளைக்கவில்லை. அம்மா மடியில்தான் தூக்கம். நான் எந்தப் புட்டியின் மூடியைத் திறந்தாலும் கூரை மேல் ஏறிக்கொள்கிறது.