வழக்கிற்கு வராத மூன்றாமவர்

‘மூன்றாந் தரப்புக் காப்புறுதி’ என்னும் தொடரை வாகனம் வைத்திருப்போர் அனைவரும் அறிவர். காப்புறுதி செய்துகொள்பவர் முதலாமவர். செய்து கொடுக்கும் நிறுவனம் இரண்டாவது தரப்பு. மூன்றாமவர் யார் என்பதைத்தான் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பெரும்பாலானோர் மனத்தில் அவ்விடத்தில் நிற்பவர் வீதியோரத்துப் பொலிஸ்காரரே.

சுன்னாகம் சந்தைக்கு மோட்டார் சைக்கிளில் மரக்கறி கொண்டு செல்லும் கமக்காரர் ஒருவர். அவருடைய வருமான அனுமதிப்பத்திரம் முடிய இரண்டு மாதங்கள் இருந்தன. காப்புறுதியோ மூன்று வாரங்களுக்கு முன்னரே காலாவதியாகியிருந்தது. வெங்காயத்துக்குப் பசளை வாங்கிய கையோடு அதற்கும் பணந்தேட அவரால் இயலவில்லை. ஒருநாட் காலை பொலிஸார் மறித்தனர். சிறு குற்றங்களுக்குப் போலத் தபாற் கந்தோரில் தண்டங் கட்டி முடிக்கும் காரியமாக அஃது அமையவில்லை. நீதவான் நீதிமன்றத்துக்குத் திகதி இடப்பட்டது. அன்று பிற்பகலே கடன்பட்டுக் காப்புறுதியைப் புதுப்பித்தார். ஆயினும், புதிய பத்திரம் அது தொடங்கும் நேரத்துக்குப் பின்னர் நிகழ்வனவற்றுக்கே பொறுப்பேற்கும். காலையில் ஓடிய ஓட்டத்துக்கு அது துணை வராது.

நீதிமன்ற வாசலில், சட்டத்தரணியின் முதிய லிகிதரிடம் அவர் தம் மனக்குறையைக் கூறினார்.

“நான் ஒருத்தரையும் இடிக்கேல்லையே, ஐயா. பிறகு என்னத்துக்குத் தண்டம்?”

“இடிக்காதபடியால்தான், தம்பி, தண்டத்தோடை போகுது. இடிச்சிருந்தால் அந்தச் சனத்துக்கு எதை வித்துக் குடுத்திருப்பாய்?”

கமக்காரர் பதில் கூறவில்லை. லிகிதரின் வினாவே இச்சட்டத்தின் உயிர்நாடி. விபத்தில் அங்கம் இழந்தவர் வழக்காடி வெல்லலாம். ஆனால் தோற்றவரிடம் கொடுக்க ஏதுமில்லையெனின், அத்தீர்ப்பு வெறுங் கடதாசியே. இந்நிலையை மாற்றவே பிரித்தானியாவின் 1930ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாந் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கிற்று. இலங்கையில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அவ்வாறே விதிக்கின்றது. காப்புறுதி செய்தவர் பிறருக்கு விளைவித்த உயிரிழப்புக்கோ உடற்காயத்துக்கோ நீதிமன்றம் நட்டஈடு விதிக்குமாயின், அதனைச் செலுத்தும் கடமை நிறுவனத்தைச் சாரும். எனவே, அப்பத்திரம் ஓட்டுபவரின் சட்டைப்பையில் இருப்பினும், அதன் பயன் முன்பின் அறியாத ஒருவருக்கே உரியது. அவர் பெரும்பாலும் நடந்து செல்பவர். அல்லது சைக்கிளில் வேலைக்குப் போகின்றவர். வாகனம் வாங்க வசதியற்றவர்.

இப்பொறுப்புணர்வு மேனாட்டுச் சட்டத்தோடு நம்மிடம் வந்து சேர்ந்த புதுமையன்று. தேர்க்காலில் கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்த கதையைப் பெரியபுராணம் மனுநீதிச் சோழன்மேல் ஏற்றிக் கூறும். மகாவம்சம் அதனை அநுராதபுரத்து எல்லாளன்மேல் ஏற்றிக் கூறும். அக்கதையை அறியாதார் இலர். ஆனால் மகாவம்சம் எல்லாளனைப் பற்றிக் கூறும் மற்றொரு செய்தி அத்துணைப் பேசப்படுவதில்லை. அவன் சென்ற தேரின் நுகத்தடி முனை பட்டுப் பௌத்த தூபியொன்று சிதைந்தது. மன்னன் வீதியில் இறங்கி வீழ்ந்து, அத்தேர்ச் சக்கரத்தாலேயே தன் தலையைத் துணிக்குமாறு வேண்டினான். தூபியைத் திருத்திக் கொடுத்தாற் போதும் என்றனர். பெயர்ந்தவை 15 கற்களே. அவன் செலவிட்டதோ 15,000 கஹாபணங்கள். தன்னைத் தண்டித்துக்கொள்வதற்கும் இழந்தவர்க்கு ஈடு செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை இந்நிகழ்ச்சி தெளிவாகவே காட்டுகின்றது.

கமக்காரர் குற்றத்தை ஏற்றுத் தண்டம் செலுத்தினார். அப்பணம் பொது நிதிக்குச் சென்றது. அந்த மூன்று வாரங்களில் எவரேனும் அடிபட்டிருப்பின், அதில் ஒரு சதமும் அவர் கைக்குச் சென்றிராது. வறியவர்மேல் இத்தண்டம் பாரமாய் விழுகின்றது என்பது மெய்யே. அதற்குப் பரிகாரம் சட்டத்தைத் தளர்த்துவதன்று. காப்புறுதிக் கட்டணத்தை அறுவடைக் காலத்துக்கும் கூலி கிடைக்கும் நாட்களுக்கும் இசையச் செலுத்த வழி செய்வதே. ஏனெனில், அச்சட்டம் தளருமிடத்து முதலில் இழப்பவர் வண்டியில் இருப்பவரல்லர், வீதியோரத்தில் நடந்து செல்பவரே.