தீயும் கட்டணமும்

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கெல்லையிலே, நக்கிள்ஸ் மலைத்தொடருக்கும் மகாவலி கங்கைக்கும் இடையே கிடக்கும் பிரதேசம் வில்கமுவ. மினிப்பே இடதுகரை வாய்க்காலின் நீரை நம்பி நெல் விளைவிக்கும் சிங்கள உழவர்களே அங்குப் பெரும்பான்மையினர். ஒரு பக்கம் வஸ்கமுவ வனம்; இரவில் யானைக்கு அஞ்சவேண்டும். மலையைத் தாண்டி வறண்ட காற்று இறங்கும் மாதங்களிலோ, பகலில் தீக்கு அஞ்சவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆவணி விடுமுறையில், எம்மோடு பணிபுரிந்த சிங்கள ஆசிரிய நண்பரின் வீட்டில் நாம் இரு நாள் தங்கியிருந்தோம். இரண்டாம் நாள் நண்பகல் கடந்த வேளை. அயலிலே ஒரு முதியவரின் இலுக்குப்புல் வேய்ந்த அடுக்களையிலிருந்து எழுந்த தீ, வைக்கோற் போருக்குத் தாவி, வீட்டுக் கூரையை எட்டிக்கொண்டிருந்தது. பெண்களின் கூக்குரல் கேட்டு நாம் ஓடினோம். படித்தவர் செய்யக்கூடியது எதுவோ அதை நாம் செய்தோம்: கைத்தொலைபேசியை எடுத்து, நகரமொன்றின் தீயணைப்புப் பிரிவை அழைத்தோம்.

மறுமுனையில் பேசியவர் கடுமையானவர் அல்லர். “எந்தச் சபையின் எல்லை, ஐயா?” என்று கேட்டார். சொன்னோம். “அது எங்கள் எல்லைக்கு வெளியே. வண்டி வருவதாயின் செலவை யார் பொறுப்பேற்பது?” என்றார். ‘நாம் பொறுப்பு’ என்று அக்கணமே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எவ்வளவு ஆகுமோ என்ற ஆசிரியச் சம்பளக் கணக்கு குறுக்கே வந்து நின்றது. நாம் தயங்கிய அந்த அரை நிமிடத்தில் கூரையின் ஒரு பாதி சரிந்து வீழ்ந்தது. மலைப்பாதை சுற்றி வண்டி வந்து சேர்வதற்குள் எல்லாமே சாம்பலாகியிருக்கும் என்பது உண்மைதான். ஆயினும் அத்தயக்கத்துக்கு அவ்வுண்மை ஒரு சமாதானமாகாது.

தீயை அணைத்தவர்கள் ஊரார். ஈரச் சாக்குகளும் வாழைத் தண்டுகளும் மணலும் வந்தன. வாய்க்காலிலிருந்து வாளிகள் கை மாறின. வயலுக்கு நீர் இறைக்கும் இயந்திரத்தைத் தோளில் சுமந்து வந்தவர், முன்வாரந்தான் தண்ணீர்ப் பங்கீட்டிலே அம்முதியவரோடு சண்டையிட்டவராம். அந்தச் சண்டையை அப்போது எவரும் நினைவுபடுத்தவில்லை. வீட்டின் ஓர் அறை தப்பியது. பெரும்போகத்துக்கென வைத்திருந்த விதைநெல் தப்பவில்லை.

மாலையில், கருகிய நெல்லைக் கையால் அளைந்தபடி அம்முதியவர் எம்மிடம் கேட்டார்: “மாத்தயா, போனிலே என்ன சொன்னார்கள்?” சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. “தீயை அணைக்கவும் முதலில் காசா?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியை நாம் மாத்தளைக்குச் சுமந்து வந்தோம்.

கேள்வி வில்கமுவவுக்கு மட்டும் உரியதன்று. செல்வத்திலே சிறந்ததெனப்படும் அமெரிக்காவில், டென்னசி மாநிலத்தின் சவுத் ஃபுல்டன் என்ற சிறு நகரம், தன் எல்லைக்கு வெளியே வாழும் கிராமத்தவருக்கு ஆண்டுக்கு 75 டொலர் கட்டணத்தில் தீயணைப்புச் சேவை அளித்துவந்தது. 2010ஆம் ஆண்டு செப்டெம்பரில், கட்டணம் செலுத்தாத ஒரு குடும்பத்தின் வீடு தீப்பற்றியது. எவ்வளவு கேட்டாலும் தருவதாக வீட்டார் மன்றாடினர். தீயணைப்பாளர் வந்தனர், ஆனால், கட்டணம் செலுத்தியிருந்த அயலவரின் நிலத்தைக் காப்பதற்கே வந்தனர். வீடு எரிந்து முடிந்தது. மூன்று நாய்களும் ஒரு பூனையும் உள்ளே மாண்டன. அடுத்த ஆண்டும் அங்கு இன்னொரு வீடு அவ்வாறே எரிந்தது.

இம்முறையை ஆதரிப்போரின் வாதத்தையும் நாம் கேட்கவேண்டும். எரியும்போது பணம் தந்தால் போதுமென்றால், எரியாதபோது யார் கட்டுவார்? எவரும் கட்டாவிடின் வண்டிக்கு எண்ணெய் ஏது, வீரனுக்குச் சம்பளம் ஏது? இக்கேள்வி நியாயமானதே. ஆனால் அதிலிருந்து பிறக்கும் முடிவு, கட்டாதவன் வீடு எரியட்டும் என்பதன்று. விரும்பினால் கட்டலாம் என்று விடத்தக்க பொருளன்று இது என்பதே. ஒவ்வொருவரும் தத்தம் தகுதிக்கேற்ப வரியாகச் செலுத்த, எல்லோரையும் காக்கவேண்டிய பொதுப்பணி இது. கட்டணம் செல்வனுக்கும் ஏழைக்கும் ஒரே தொகை. ஓட்டு வீட்டுக்காரன் மறந்தும் கட்டிவிடுவான், எளிதில் தீப்பற்றும் புல்வீட்டுக்காரனோ விதைநெல்லா கட்டணமா என்று எண்ணிப் பார்க்கவேண்டியவன்.

இந்த உண்மையை இலண்டன் வணிகர்களே பட்டறிந்தனர். 1666ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பின் அங்குத் தோன்றிய காப்புறுதிக் கம்பனிகள், தம் வாடிக்கையாளரின் சுவர்களில் உலோகத் தகடு பதித்து, சொந்தத் தீயணைப்புப் படைகளை வைத்திருந்தன. தகடில்லா வீட்டை அவர்கள் எரியவிட்டனர் என்ற கதை எவ்வளவு மெய் என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் தீ தகட்டைப் பார்த்துப் பரவுவதில்லை என்பதில் வேறுபாடில்லை. 1833இல் கம்பனிகள் தம் படைகளை ஒன்றிணைத்தன. 1861இல் தூலி வீதியில் மூண்ட தீ, படைத்தலைவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட்டையே பலிகொண்டது. கம்பனிகளின் நட்டமும் தாங்கவொண்ணாததாயிற்று. இச்சுமையை இனி அரசே ஏற்கவேண்டுமென அவை கேட்டுக்கொண்டன. 1865ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பொதுப்பணியாக்கியது.

எமது நாட்டிலே கதை இன்னும் முடியவில்லை. இதே மாத்தளை மாவட்டத்தின் தோட்டங்களில் லயன் காம்பராக்களைப் பாருங்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடும்பங்கள். ஒரு காம்பராவில் பிடித்த தீ வரிசை முழுவதையும் தின்னும். ஆனால் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தினது 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் பணி செய்யத் தடையாய் நின்றது. லயன் கம்பனியின் சொத்து. அதில் வாழ்பவன் சோலைவரி செலுத்துபவன் அல்லன். ஆகவே சபைக்கு அவன் அயலான். தலைமுறை தலைமுறையாகத் தேயிலையிலும் இரப்பரிலும் அவன் உழைத்து ஈட்டிக்கொடுத்த அந்நியச் செலாவணி எந்த ரசீதிலும் பதியப்படவில்லை. அப்பிரிவு திருத்தப்பட்டது 2018ஆம் ஆண்டிலேதான். சட்டம் திருந்தினாலும், வண்டியும் நீர்த்தொட்டியும் பயிற்சி பெற்ற ஆளும் இன்றேல் அத்திருத்தம் தாளோடு நிற்கும்.

வரி குறைந்த சபை ஏழைச் சபை. ஏழைச் சபையின் மக்களுக்குப் பாதுகாப்பும் குறைவு. வில்கமுவ உழவனும் ரத்தோட்டைத் தோட்டத் தொழிலாளியும் வேறுவேறு மொழி பேசுவோர். இந்தக் கணக்கில் இருவரும் ஒரே பக்கத்தில் நிற்கின்றனர். தீயணைப்பின் செலவை மத்திய அரசின் பொது நிதி ஏற்கவேண்டும். ஊர்தோறும் இளைஞருக்குப் பயிற்சியும் நீர் இறைக்கும் இயந்திரமும் வழங்கவேண்டும். தொலைபேசியில் கேட்கவேண்டிய முதற்கேள்வி, எங்கே எரிகிறது என்பதாகவே இருக்கவேண்டும்.

ஊர் திரும்பிய மறுவாரம் நாம் எமது வீட்டுச் சோலைவரியைக் கட்டி ரசீது பெற்றோம். அந்தத் துண்டுத்தாளே எம்மையும் அம்முதியவரையும் பிரித்து வைத்திருக்கிறது என்ற எண்ணம் எம்மை உறுத்தியது. பெரும்போகத்துக்கு விதைநெல் கிடைத்ததா என்று நண்பரிடம் எழுதிக் கேட்டோம். நீர் இயந்திரம் கொண்டுவந்த அயலவரே இரண்டு புசல் கடனாகக் கொடுத்தார் என்று பதில் வந்தது.