பாதியில் திரும்புகிறவர்கள்



கல்லூரி நாள்களில், மாணவப் பத்திரிகையாளர் மாநாடு ஒன்றிற்காக ரெட்டிபாளையத்திலிருந்து சென்னைக்குச் சென்றேன். மூன்று நாள் நிகழ்வுகளையும் எங்கள் கல்லூரி இதழுக்கு எழுதித் தருவதாக வாக்களித்திருந்தேன். முதல் இரவே கடுங்காய்ச்சல். ஒரு கூட்டத்திற்கும் போக இயலவில்லை. அதுவரை முகமறியாத அறைத்தோழன் ஒருவன் கஞ்சி வாங்கி வந்து கொடுத்தான். காய்ச்சலைவிட, வெறும் குறிப்பேட்டோடு வீடு திரும்பும் வெட்கமே என்னை அதிகமாய் வருத்திற்று.

பிலிப்பி சபையார், சிறையிலிருந்த பவுலுக்கு உதவியாக எப்பாப்பிரோதீத்துவை அனுப்பினார்கள். போன இடத்தில் அவர் சாகும் நிலைக்கு நோயுற்றார். தம் நோயை ஊரார் கேள்விப்பட்டார்களே என்றுதான் அவர் கலங்கினார். பவுல் அவரைத் திருப்பி அனுப்பியபோது, அவரை மகிழ்ச்சியோடு ஏற்றுக் கனம்பண்ணும்படி எழுதினார் (பிலிப்பியர் 2:25-30). 'ஏன் திரும்பி வந்தாய்?' என்று ஒருவரும் கேட்டுவிடாதபடி அப்போஸ்தலர் முந்திக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அரியலூர் ரயில் நிலையத்தில் சைக்கிளோடு நின்ற என் தகப்பனாரும் குறிப்பேட்டைப் பற்றிக் கேட்கவில்லை. என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், பையை வாங்கிக்கொண்டார்.

நம் சபைப் பிள்ளைகளும் படிப்புக்கும் வேலைக்கும் வெளியூர் போகிறார்கள். சிலர் உடல் நலிந்து, எடுத்த காரியம் முடியாமல் திரும்புகிறார்கள். இந்த வாரம் அப்படி ஒருவரை ஆலய வாசலில் கண்டால், காரணம் கேளாதிருங்கள். முதலில் பையை வாங்கிக்கொள்ளுங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.