மூத்தவள் ஓக்ஸ்

எங்கள் தாத்தா செந்தூல் ரயில் பட்டறையில் வேலை செய்தவர். சம்பளத்தில் ஒரு பங்கு அம்பாங் சாலைக் குதிரைப் பந்தயத் திடலுக்குப் போய்விடும். (அந்த இடத்தில்தான் இப்போது இரட்டைக் கோபுரம் நிற்கிறது.) "பொட்டக் குதிரை மேல மட்டும் காசு கட்டக்கூடாது" என்பது அவருடைய வேதவாக்கு என்று அத்தை சொல்வார்.

அது உண்மையா என்று தேடப் போய்த்தான் ஓக்ஸ் பந்தயத்தின் கதை எனக்குக் கிடைத்தது. இங்கிலாந்தில் எப்சம் என்னும் ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் பந்தயம் அது. தடை தாண்டும் ஓட்டமல்ல. புல்தரையில் ஒன்றரை மைல். மூன்று வயதுப் பெண் குதிரைகள் மட்டுமே ஓடலாம். டெர்பி பிரபு 1779-இல் இதைத் தொடங்கினார். ஓக்ஸ் என்பது எப்சம் அருகே அவருடைய மாளிகையின் பெயர். முதல் ஆண்டில் வென்ற பிரிட்ஜெட்டும் அவருடைய குதிரையே. ஆண் குதிரைகளும் ஓடும் பந்தயம் மறு ஆண்டுதான், 1780-இல், வந்தது. பிரபுவின் பெயர் அதற்குத்தான் கிடைத்தது. இன்று காற்பந்து ரசிகர்கள் வாயிலும் டெர்பிதான். மூத்தவள் ஓக்ஸ் என்பது எத்தனை பேருக்குத் தெரியும், நண்பர்களே?

டெர்பியில் பெண் குதிரைகளும் ஓடலாம். மூன்று பவுண்டு எடைச் சலுகை உண்டு. 1801-இல் எலினோர் என்ற பெண் குதிரை இரண்டு பந்தயங்களையும் வென்றது. ஆயினும் 240-க்கும் மேற்பட்ட ஆண்டுகளில் டெர்பியை வென்ற பெண் குதிரைகள் ஆறுதான். கடைசியாக வென்றது 1916-இல் ஃபிஃபினெல்லா. தாத்தா சொன்னது சரிதானோ என்று தோன்றும். ஆனால், நல்ல பெண் குதிரைகளைப் பெரும்பாலும் ஓக்ஸுக்கே அனுப்பிவிடுகிறார்கள். ஓட விடாமலே தோற்றதாகக் கணக்கெழுதலாமா?

மும்பையிலும் இந்தியன் ஓக்ஸ் உண்டு. அங்கே 1943-இல் முதன்முதலாக நடந்த இந்தியன் டெர்பியையே வென்றது ஒரு பெண் குதிரை. பரோடா மகாராஜாவின் பிரின்சஸ் பியூட்டிஃபுல்.

அத்தைதான் வீட்டுக்கு மூத்தவர். "பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு போதும்" என்று மூன்றாம் படிவத்தோடு பள்ளியை நிறுத்திவிட்டார் தாத்தா. அத்தை கம்பெனி வேலைக்குப் போனார். அந்தச் சம்பளத்தில்தான் தம்பியாகிய என் அப்பா ஆறாம் படிவம் வரை படித்தார். அத்தை இதைக் கோபமில்லாமல்தான் சொல்வார், எனக்குத்தான் பொறுக்காது.

பிரின்சஸ் பியூட்டிஃபுல் கதையைச் சொன்னபோது, மீன் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து கேட்டார்: "உங்க தாத்தா அன்னிக்கு அங்க இருந்திருந்தா எவ்வளவு தோத்திருப்பாரு?"